பொதுக் கட்டடத்தின் மொட்டை மாடியில் தோட்டம்: சக்கர நாற்காலியில் இருப்பவரும் அங்கே போக முடியுமா?

செந்தூல்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வட்டாரத்தில் கீழே மண்டபமும் மேலே வகுப்பறைகளும் நூலகமுமாக இயங்கும் நான்கு மாடிப் பொதுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. 1980களில் எழுந்தது. ஓட்டுக்கூரை கிடையாது, தட்டையான கான்கிரீட் மொட்டை மாடிதான். ஏறக்குறைய இருபது மீட்டர் அகலமும் முப்பது மீட்டர் நீளமும் இருக்கும். அதன்மேல் மண் பரப்பிப் புல்லும் செடிகளும் வளர்த்து, பொதுமக்கள் ஏறிச்சென்று உட்காரக்கூடிய பசுமைக் கூரையாக மாற்றலாம் என்று ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. அடுத்த மாதம் குடியிருப்பாளர்களை அழைத்துக் கருத்துக் கேட்கப் போகிறார்கள்.

எனக்கு யோசனை பிடித்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த நான்காம் மாடி வாசிப்பறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உச்சந்தலையில் அனல் இறங்கும். பிள்ளைகள் பந்து விளையாடிய திடலும் கார் நிறுத்துமிடமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சுற்றுவட்டாரத்தில் வேறு பசுமை இல்லை.

என் தயக்கம் அம்மாவை முன்னிட்டு வந்தது. அவருக்கு 76 வயது. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர். பக்கவாதத்திற்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒன்பதாவது மாடியில் எங்கள் வீட்டு நடைவழியில் வைத்திருந்த பதினொரு பூந்தொட்டிகளையும் தீயணைப்பு வழியை மறிக்கிறது என்று சொல்லி எடுக்கச் செய்துவிட்டார்கள். அது நியாயமான காரணம்தான், ஆனால் அதற்குப் பிறகு அவர் கையில் மண் படவே இல்லை. இந்தக் கூரைத் தோட்டம் வந்தால் அவரை அழைத்துப்போகலாம் என்று நினைத்துக்கொண்டுதான் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்க்கப் போனேன். படத்தில் மரங்களும் நீண்ட இருக்கைகளும் ஓடும் குழந்தைகளும் இருந்தன. மின்தூக்கி நான்காம் மாடியோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து இரும்புக் கதவு வரை படிக்கட்டுதான். கேட்டதற்கு, "அதெல்லாம் இரண்டாம் கட்டம்" என்று பதில் வந்தது.

நாற்பது ஆண்டுப் பழைய கட்டடம் மண்ணையும் நீரையும் மக்களையும் சேர்த்துத் தாங்குமா? மழைக்கு ஒழுகாதா, டிங்கி கொசு பெருகாதா? எல்லாவற்றையும் விட, அம்மாவைப் போன்றவர்கள் மேலே போவதை இரண்டாம் கட்டத்திற்குத் தள்ளுவது சரியா? கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

பழைய மேற்பார்வையாளன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியலாளர் இல்லை, ஆகவே நான் சொல்வதை வைத்து யாரும் மண் ஏற்றிவிட வேண்டாம். ஆனால் கூட்டத்தில் என்ன கேட்பது என்பதற்கு இது போதும்.

"பசுமைக் கூரை" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று, பதினைந்து சென்டிமீட்டருக்கும் குறைவாக மண்கலவை பரப்பி, தரையோடு படரும் செடிகளை வளர்த்துவிட்டு, பராமரிப்பவர் மட்டும் எப்போதாவது ஏறிப் பார்ப்பது. மற்றொன்று, ஆழமான மண், புதர், சிறு மரம், நடைபாதை, இருக்கை என்று மக்கள் புழங்குவது. சிகாகோ நகர மண்டபத்தின்மேல் 2001இல் அமைத்த கூரைத் தோட்டம் உலகப் புகழ் பெற்றது, ஆனால் பொதுமக்கள் அங்கே உலாவ முடியாது, பக்கத்துக் கட்டடங்களிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். டொராண்டோ நகர மண்டபத்தின் தாழ்ந்த கூரைப் பகுதியை 2010இல் பசுமையாக்கித் திறந்தபோது மக்கள் நடமாடும் இடமாகவே திறந்தார்கள். உங்கள் வரைபடத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள் என்றால் அது இரண்டாம் வகை. அதற்கான கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

கணக்கு என்பது எடைதான். இங்கே அந்தக் காலத்துக் கட்டடங்களுக்கு பிரிட்டிஷ் விதிமுறைகளைத் தழுவியே பளு கணக்கிட்டார்கள். ஆள் ஏறக்கூடிய மொட்டை மாடி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ. மக்கள் கூட்டமாகக் கூடும் இடம் என்றால் அதே விதிமுறைகள் 5 கிலோநியூட்டன் கேட்கும், சுமார் 500 கிலோ. இது ஆட்களின் கணக்கு மட்டும், மண் தனி. மழையில் ஊறிய சாதாரணத் தோட்ட மண் ஒரு கன மீட்டர் இரண்டு டன்னை நெருங்கும். பத்தே சென்டிமீட்டர் பரப்பினாலும் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் வந்துவிடும். உங்கள் 600 சதுர மீட்டர் முழுவதும் அப்படிப் பரப்பினால் 120 டன். ஒரு மனிதர் ஏறுவதற்கு முன்பே கட்டடம் தன் கணக்கைத் தாண்டிவிடும்.

இதைச் சொல்வது உங்கள் ஆசையைக் கெடுக்க அல்ல. வழிகள் இருக்கின்றன. தேங்காய் நார்த்தூள், பெர்லைட், நுரைக்கல் போன்றவை கலந்த இலேசான கலவை எடையைப் பெருமளவு குறைக்கும். கனமான தொட்டிகளைத் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் நேர் மேலே வைத்து, நடுத்தளத்தில் மெல்லிய புல்பரப்பை மட்டும் விடலாம். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுவார்கள்: பழைய மொட்டை மாடிகளில் வாட்டம் கொடுப்பதற்காகக் கான்கிரீட் தளத்தின்மேல் ஐந்து சென்டிமீட்டரோ அதற்கு மேலோ சிமெண்டுக் கலவை போட்டு, சிலவற்றில் அதற்கும் மேல் ஓடு பதித்திருப்பார்கள். அதைச் செதுக்கி எடுத்தாலே சதுர மீட்டருக்கு நூறு கிலோ மிச்சமாகும். ஆனால் இவையெல்லாம் பழைய கட்டமைப்பு வரைபடத்தைத் தேடி எடுத்து, கான்கிரீட்டிலிருந்து மாதிரி துளைத்து, உள்ளே இருக்கும் கம்பிகளைக் கருவியால் பார்த்த பிறகு பேச வேண்டியவை. அந்தச் சோதனை நடந்துவிட்டதா என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

ஒழுகலைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கூரைத் தோட்டம் போட்டோம். கட்டடத்தின் பெயர் வேண்டாம். நீர்த்தடுப்புப் படலம் ஒட்டி முடித்ததும் வடிகால் துளைகளை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்ப்பது முறை. திறப்பு விழா நெருங்கிவிட்டது என்று அந்த இரண்டு நாளைக் கொடுக்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் கோப்பு அறையின் உட்கூரையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது, பிறகு வாளிகள் வந்தன. கசிவு தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. நீர் தளத்துக்குள்ளேயே ஊர்ந்து வேறெங்கோ போய்ச் சொட்டும். கடைசியில் மண் முழுவதையும் அள்ளிப் பார்த்தபோது, வடிகால் குழாயின் கழுத்தருகே படலத்தில் ஒரு மடிப்பு, என் கட்டைவிரல் நீளம்தான். அந்தத் தோட்டம் மறுபடி போடப்படவே இல்லை.

இப்போது உங்கள் தாயாரின் வழி. மின்தூக்கியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், நிலைப்படியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மொட்டை மாடிக் கதவின் கீழே நீர்த்தடுப்புப் படலத்தைச் சுவரோடு மேலே ஏற்றி முடிக்க வேண்டும், முடித்த தளத்துக்கு மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் என்பது நடைமுறை. மழைநீர் உள்ளே வராமல் இருப்பதற்கான அந்த உயரமே சக்கர நாற்காலிக்குச் சுவராகிவிடுகிறது. நம் நாட்டுத் தரநிலையான எம்.எஸ். 1184 சொல்லும் 12க்கு 1 என்ற சாய்வில் 15 சென்டிமீட்டரைக் கடக்க 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், திரும்புவதற்கு இடம் தனி. வெளித்தளத்தைத் தாங்கிகளின்மேல் உயர்த்திக் கதவின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வாசலை ஒட்டிக் கம்பிவலை மூடிய வடிகால் ஒன்றை ஓடவிட்டால் படியே இல்லாமல் செய்யலாம். ஆனால் தளத்தை உயர்த்தினால் கைப்பிடிச் சுவரின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். சுவரை ஒட்டி மண்மேடு போட்டு, அதன்மேல் பிள்ளைகள் ஏறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். உயரத்தை மனிதர் நிற்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், பழைய தளத்திலிருந்து அல்ல.

ஆகவே "இரண்டாம் கட்டம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கதவு மட்டம், தளத்தின் உயரம், நீர்த்தடுப்பு, கைப்பிடிச் சுவர் நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. மண் போட்ட பிறகு வழி அமைக்கப் போனால் போட்ட படலத்தைக் கிழித்துத்தான் அமைக்க வேண்டும். மின்தூக்கியை ஒரு மாடி உயர்த்த முடியாவிட்டால், கடைசிப் படிக்கட்டுக்கு மட்டும் ஒரு சக்கர நாற்காலி ஏறும் அளவுக்குச் சிறிய மேடைத்தூக்கி வைக்கலாம், அதற்கு மேலே இயந்திர அறை தேவையில்லை.

*

கெப்போங் கணக்காளர் எழுதியது:

எதிர்ப்பாளன் என்று நினைக்க வேண்டாம், வரி கட்டுபவன் என்ற முறையில் கேட்கிறேன். இவ்வளவு செலவழித்து நான்காம் மாடிக்கு மேல் தோட்டம் போடுவதைவிட, அந்தக் கார் நிறுத்துமிடத்தில் பத்து மரம் நட்டால் என்ன? கூரையில் சூரியத் தகடு வைத்தால் மின்கட்டணமாவது குறையும். வெள்ளம் தடுக்கும் என்று வேறு சொல்கிறார்கள், அதை நம்ப முடியவில்லை.

*

பழைய மேற்பார்வையாளன் எழுதியது:

தரையில் மரம் நட இடம் இருந்தால் நானும் அதையே முதலில் கேட்பேன், ஐயா. அதில் நமக்குள் சண்டை இல்லை.

வெள்ளத்தைப் பற்றிய உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது அதிசயமில்லை. 600 சதுர மீட்டர் கூரையில் அது 30,000 லிட்டர். காய்ந்திருக்கும் மண் முதல் இருபது முப்பது மில்லிமீட்டரை உறிஞ்சிக்கொண்டு மீதியை மெதுவாக விடும். நேற்றும் மழை, இன்றும் மழை என்றால் மண் ஏற்கெனவே ஊறியிருக்கும், அப்போது அதிகம் பிடிக்காது, வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். வெள்ளநீரைத் திருப்பிவிட 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தின் வேலையை ஒரு கூரை செய்யாது. ஆனால் நீரைப் பிறந்த இடத்திலேயே தாமதப்படுத்து என்பதுதான் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர் மேலாண்மைக் கையேடு 2000ஆம் ஆண்டு முதல் சொல்லிவரும் கொள்கை. அந்த வரிசையில் இதுவும் ஒரு கை.

வெப்பத்தில் மட்டும் சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூரில் ஒரு கூரைத் தோட்டத்தில் அளந்து 2003இல் வெளியிட்டார்கள்: வெற்றுத் தளத்துக்கும் அடர்ந்த செடிக்குக் கீழே உள்ள பரப்புக்கும் வெப்ப வேறுபாடு உச்சத்தில் 30 டிகிரி வரை இருந்தது. நான்காம் மாடி வாசகர்களின் உச்சந்தலைக்கு அது விளங்கும். சூரியத் தகடும் செடியும் ஒரே கூரையில் இருக்கலாம். தகடு சூடேறச் சூடேற, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு உற்பத்தி குறையும், ஆகவே கீழே செடி இருப்பது தகட்டுக்கும் நல்லதே.

*

பிரிக்பீல்ட்ஸ்வாசி எழுதியது:

எனக்குக் கண்பார்வை இல்லை. திரைவாசிப்பான் வழியாக உங்கள் பதிவுகளைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். சக்கர நாற்காலியைப் பற்றி மேற்பார்வையாளர் ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். நான் சொல்ல விரும்புவது மேலே போய்ச் சேர்ந்த பிறகு நடப்பவை.

மொட்டை மாடி எங்களுக்குச் சற்றுப் பயமான இடம். தெருவில் வண்டிச் சத்தம், சுவரில் பட்டு வரும் எதிரொலி, ஐந்தடி நடைபாதையின் நிழலில் தெரியும் குளிர்ச்சி எல்லாம் திசை காட்டும். நான்காம் மாடிக்கு மேல் காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்கும், சத்தம் கீழிருந்து வரும். விளிம்பு எங்கே என்று காது சொல்லாது. ஆகவே பாதையின் இரு ஓரத்திலும் கோல் தட்டினால் தெரியும்படி ஒரு சிறு திட்டு இருக்க வேண்டும். வடிகாலுக்காகச் சுவரோரம் கூழாங்கல் பட்டை விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது கோலுக்கு நல்ல எச்சரிக்கைதான், ஆனால் பாதைக்கும் அதற்கும் நடுவில் தடுப்பு இல்லையென்றால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் புதையும். எங்கள் இருவரின் தேவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. எங்களுக்கு வேண்டிய புடைத்த வழிகாட்டிக் கல் அவர்களுக்குக் குலுக்கல். இரண்டு தரப்பையும் வரைபடம் வரையும்போதே உட்கார வைத்துப் பேசினால் தீரக்கூடிய விஷயம் இது. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடக்கும் மஞ்சள் கற்பாதை ஓரிடத்தில் நேராக ஒரு கம்பத்தில் போய் முட்டுகிறது, பல இடங்களில் அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதை அமைத்தவர்களில் ஒருவராவது கண்ணைக் கட்டிக்கொண்டு அதில் நடந்திருந்தால் அந்தக் கம்பம் அங்கே இருந்திருக்காது.

சட்டத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள், சகோதரி. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறது. அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது மீறுபவர்களுக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை என்பது எங்கள் நீண்ட நாள் மனக்குறை. பல் இல்லாத சட்டம் என்றாலும், பொதுப்பணத்தில் புதிதாகச் செய்யும் ஒரு வேலையில் எங்களை இரண்டாம் கட்டம் என்று எழுதுவது அதன் எழுத்துக்கே முரண். அதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.

தீ பிடித்தால் மின்தூக்கி நின்றுவிடும். அப்போது மேலே இருக்கும் உங்கள் தாயார் எங்கே காத்திருப்பார், யார் இறக்குவார்? மக்கள் கூடும் தளமாக மாற்றினால் வெளியேறும் வழியின் எண்ணிக்கையும் அகலமும் மாறும், தீயணைப்புத் துறையான பொம்பா அதைப் பார்க்காமல் ஒப்புதல் தராது. புகை புகாத படிக்கட்டை ஒட்டி, நாற்காலி நிற்கக்கூடிய ஒரு காத்திருப்பிடம் வரைபடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, சாவி. நான் நன்கு அறிந்த ஒரு கட்டடத்தில் அருமையான கூரைத் தோட்டம் இருக்கிறது, சாய்தளமும் இருக்கிறது. கதவுச் சாவி வரவேற்பு மேசையில் இருக்கும், அந்த மேசையில் ஆள் இருக்க மாட்டார். தேடிப் பிடித்தால் "எதற்கு மேலே?" என்று ஒரு கேள்வி. இருமுறை போய்த் திரும்பினேன், மூன்றாம் முறை போகவில்லை.

*

ஜெலுத்தோங் தோட்டக்காரி எழுதியது:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருப்பாளர்கள் சிலர் சேர்ந்து தோட்டம் போட்டு வருகிறோம். பொதுக் கட்டடம் இல்லைதான், ஆனால் வெயிலும் மழையும் கொசுவும் ஒன்றுதானே.

முதலில் கொசு. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நாங்கள் பார்த்தவரையில் மண்ணுக்கு அடியில் இருக்கும் வடிகால் தட்டில் தேங்கும் நீரால் தொல்லை வந்ததில்லை, மண்ணும் துணியும் மூடியிருப்பதால் கொசு அங்கே போக முடியாது. தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டு, கவிழ்க்காமல் விட்ட நீர்த்தூவி, தார்ப்பாயின் மடிப்பு, இலை அடைத்த வடிகால் வாய், இவைதான் குற்றவாளிகள். நாங்கள் தட்டுகளை அறவே தடை செய்தோம். ஒவ்வொரு வடிகால் வாயின்மேலும் திறந்து பார்க்கக்கூடிய மூடிபோட்ட பெட்டி இருக்க வேண்டும், அதைச் சுற்றி இரண்டு சாண் அகலத்துக்குச் செடியே இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் எல்லா மூடியையும் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் இந்த ஒரு கையெழுத்துதான் எங்கள் தோட்டத்தைக் காப்பாற்றி வருகிறது.

அடுத்தது, பறவை கொண்டுவரும் மரம். பராமரிக்காத கோயில் கோபுரத்தில் அரசங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான் இங்கும். மைனாக்கள் ஆல், அரசு, அத்தி வகை விதைகளை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். இரண்டு விரல் உயரத்தில் பிடுங்கினால் கையோடு வரும். மூன்று மாதம் விட்டுவிட்டால் வேர் சுவர் வெடிப்புக்குள் போய்விடும், வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். குத்தகையாளரின் ஒப்பந்தத்தில் "களை எடுத்தல்" என்று பொதுவாக எழுதாமல், மர நாற்றுகளை மாதம் ஒருமுறை வேரோடு அகற்ற வேண்டும் என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.

செடி வகையில், ஐரோப்பியப் படங்களைப் பார்த்து நாங்களும் முதலில் சீடம் என்ற சதைப்பற்றுச் செடி வகைகளை வாங்கினோம். நவம்பர் மழையில் அழுகிக் குழைந்துவிட்டன. பத்துமணிப்பூ, கற்பூரவல்லி, செராய் (எலுமிச்சைப்புல்), வேலியோரம் சங்குப்பூ, இவை நின்றன. மெல்லிய மண்ணில் ஜனவரி பிப்ரவரி வறட்சியைத் தாங்க நீர்க்குழாய் கட்டாயம் வேண்டும், "நம் நாட்டில்தான் மழை கொட்டுகிறதே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கென்று எழுபது சென்டிமீட்டர் உயரத்துக்குச் செங்கல் வைத்து மண்ணை நிரப்பிப் பாத்தி கட்டுவார்கள். மேற்பார்வையாளர் ஐயாவின் கணக்குப்படி பார்த்தால் அது சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் போகும். அதோடு நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடுப்பைத் திருகித்தான் செடியைத் தொட முடியும். எங்கள் மாடியில் ஒரு பாட்டிக்காக நாங்கள் செய்தது வேறு: மேசைபோல் கால் வைத்த தகரத் தொட்டி, மண் ஆழம் இருபது சென்டிமீட்டர், கீழே முழங்கால் நுழைய வெற்றிடம். நேராக உள்ளே தள்ளி நிறுத்தினால் இரண்டு கையும் மண்ணில் இருக்கும். கீரையும் பசலையும் அதில் நன்றாக வருகின்றன. எடை குறைவு, கையும் எட்டுகிறது. அடியில் துளை போட்டு நீர் வடிய விட வேண்டும், இல்லையேல் அதுவே கொசுத்தொட்டியாகிவிடும்.

நேரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் பத்து வரையும் மாலை ஐந்தரைக்குப் பிறகும்தான் யாரும் மேலே நிற்க முடியும். அலுவலக நேரத்தில் மட்டும் திறந்து வைத்தால் வெயிலுக்குத்தான் திறந்து வைத்ததாகும். மாலையில் இடி இறங்கும் ஊர் உங்களுடையது. இடிதாங்கி இருந்தாலும், முழக்கம் கேட்டதும் எல்லாரையும் கீழே இறக்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

*

செந்தூல்காரி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தொட்டி மேசையைப் பற்றி அம்மாவிடம் படித்துக் காட்டினேன், மறுபடியும் படிக்கச் சொன்னார்.

ஒரு சந்தேகம். புதிதாகக் கட்டும் இடங்களில் மட்டும்தான் இது முறையாக நடக்கிறதா? துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் பேரங்காடியின் மேல் 2023 நவம்பரில் திறந்த பத்து ஏக்கர் பூங்காவுக்கு அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன், எங்கும் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது கட்டும்போதே திட்டமிட்டது, வணிக வளாகமும்கூட. பொதுக் கட்டடங்களுக்கு முன்மாதிரி உண்டா?

*

பழைய மேற்பார்வையாளன் எழுதியது:

உண்டு, ஆனால் நீங்கள் நினைப்பது சரி, பெரும்பாலானவை பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவை. சிங்கப்பூரில் 2008இல் திறந்த மரினா தடுப்பணையின் புல்கூரைக்குத் தரையிலிருந்தே வளைந்து ஏறும் சாய்வு இருக்கிறது, மின்தூக்கி பழுதானாலும் வழி அடைபடாது. மக்கள் அங்கே பட்டம் விடுகிறார்கள். அட்மிரால்டியில் முதியோர் குடியிருப்பு, மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு எல்லாவற்றையும் அடுக்கி, மேலே படிப்படியாகப் பூங்கா வைத்த கட்டடம் 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வானது. உங்கள் கூட்டத்தில் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. நூலகம்தான் வேண்டும் என்றால் வார்சா பல்கலைக்கழக நூலகத்தின் கூரைத் தோட்டம் 2002 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, குளிர்காலத்தில் மட்டும் மூடுவார்கள்.

பழைய கட்டடத்தில் முழுக் கூரையையும் மாற்றத் துடிக்காமல், உத்திரங்கள் நெருங்கியிருக்கும் ஒரு பகுதியை, சொல்லப்போனால் கதவுக்கு அருகிலுள்ள நூறு சதுர மீட்டரை மட்டும், மக்கள் புழங்கும் தோட்டமாக்கி, மீதியை மெல்லிய புல்பரப்பாகப் பூட்டி வைக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கட்டமைப்புப் பொறியியலாளர் ஒப்புக்கொண்டால் செலவும் குறையும், வழியும் முதல் நாளிலிருந்தே இருக்கும். சனிக்கிழமை போனால் அந்தக் கடைசிப் படிக்கட்டை அளந்து வாருங்கள்.

*

செந்தூல்காரி எழுதியது:

அளந்துவிட்டேன். காவலாளி அண்ணன் கதவைத் திறந்துவிட்டார், அளவுநாடாவின் மறுமுனையையும் அவரே பிடித்துக்கொண்டார். நான்காம் மாடியிலிருந்து பதினான்கு படிகள், மொத்த உயரம் 2.4 மீட்டர். மேல்படிக்கும் கதவுக்கும் இடையில் 1.5 மீட்டர் சதுரத்தில் ஒரு தளம். கதவின் நிலைப்படி உள்பக்கம் 18 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் 25. மொட்டை மாடியில் நான்கு வடிகால் வாய்களில் இரண்டில் செடி முளைத்திருக்கிறது. ஒன்று அரசு என்று அவரே சொல்லிப் பிடுங்கினார், முழங்கை நீள வேர் வந்தது.

*

பழைய மேற்பார்வையாளன் எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள். 2.4 மீட்டருக்குச் சாய்தளம் என்றால் கிட்டத்தட்ட 29 மீட்டர் நீளம் வேண்டும், அது நடக்காது. மேடைத்தூக்கிதான் வழி. உள்பக்கத்து 18 சென்டிமீட்டரையும் அந்தத் தூக்கியே கடந்து நிலைப்படி மட்டத்தில் நிற்கும்படி செய்யலாம். வெளிப்பக்கத்து 25ஐத் தளத்தை உயர்த்திச் சரிக்கட்ட வேண்டும். அப்படி உயர்த்தினால் கைப்பிடிச் சுவரில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க அதன் உயரம் வேண்டும், அதை நீங்கள் எழுதவில்லை. கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்து வாருங்கள். உள்ளே திறந்தால் அந்த 1.5 மீட்டரில் பாதிக்கு மேல் கதவுக்கே போய்விடும்.